அவரவர் வீட்டுக்கு எதிரே

(நம் பங்கின் யூபிலி விழாவையொட்டி அன்பியப் பொறுப்பாளர்களும் ஊர்ப் பெரியோர்களும் கூடியிருந்த கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்றதும் நம் மனக்கண்முன் வருவன கொடியேற்றமும் தேர்ப்பவனியும் அசனமும் மலர் வெளியீடும்தாம். இவை யாவும் வேண்டியவையே. மகிழ்ச்சி இல்லாத விழா விழாவாகாது. ஆயினும், யூபிலியைப் பற்றித் திருநூல் விரித்துப் பேசும் இடத்தை, அதாவது லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தைத் திருப்பிப் பாருங்கள். நிலம் யார் கையில் இருக்கிறது, கடன்பட்டவன் கதி என்ன, அயலான் எப்படிப் பிழைக்கிறான் என்பதே அங்கே பேச்சாக இருக்கிறது. ஆகவே, யூபிலி ஆண்டில் அயலாரைப் பற்றியும், அவரோடு நாம் பகிர்ந்துகொள்ளும் தெருவைப் பற்றியும் பேசினால், அதை விழாவுக்குப் புறம்பான பேச்சு என்று யாரும் எண்ண வேண்டாம்.

நம் வீட்டுத் தரையை நாள்தோறும் இருமுறை பெருக்குகிறோம். கோயில் வளாகத்தைப் பீடச் சிறுவர்களும் தாய்மார்களும் கண்ணாடிபோல் வைத்திருக்கிறார்கள். வாசற்படியைத் தாண்டினால் வாறுகால். அது யாருடையது? "முனிசிபாலிட்டியுடையது" என்று உடனே சொல்லிவிடுகிறோம். அந்த முனிசிபாலிட்டி யாருடையது என்று கேட்டால் மட்டும் விடை சொல்லத் தயங்குகிறோம். அந்தத் தயக்கத்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறோம்.

தெருவில் ஒரு குறை என்றால் நம்மிடையே இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று மனு. நாற்பது பேர் கையெழுத்திட்டு மனுவைக் கொடுத்துவிட்டு வருவோம். பிறகு காத்திருப்போம், காத்திருந்து அலுத்ததும் குறை சொல்வோம். மற்றொன்று சிரமதானம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியும் கூடையுமாகக் கிளம்பி, தெருவைச் சுத்தம் செய்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்புவோம். மறு மாதம் வாறுகால் பழையபடியே நாறும். மனுவில் வேலை முழுவதும் நகராட்சியின் தலையில் விழுகிறது. சிரமதானத்தில் வேலை முழுவதும் நம் தலையில் விழுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று உண்டு. "இது எங்கள் பங்கு, அது உங்கள் பங்கு, இரண்டும் எழுத்தில் இருக்கட்டும், கணக்கை இரு தரப்பும் சேர்ந்து பார்ப்போம்" என்று தெருவும் நகராட்சியும் உடன்பட்டு வேலை செய்வதே அவ்வழி.

ஆற்றங்கரையின் பழைய பாடம்

இதை வெளியூர்ப் புதுமை என்று எண்ணிவிடாதீர்கள். பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி பாபநாசத்தில் சமவெளியில் இறங்குகிறது. அங்கிருந்து கடலைச் சேரும்வரை அதன் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. முதலாவது நமக்கு அண்மையிலுள்ள கோடைமேலழகியான். அடுத்து நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், கடைசியாகத் திருவைகுண்டம். இவற்றுள் திருவைகுண்டம் மட்டுமே வெள்ளையர் ஆட்சியில், 19ஆம் நூற்றாண்டில் எழுந்தது. ஏனைய ஏழும் அதற்கு முற்பட்டவை.

அணை கட்டுவது ஆட்சியாளரின் வேலை. ஒரு தெருவோ ஒரு கிராமமோ அதைச் செய்ய முடியாது. ஆனால் அணையிலிருந்து பிரியும் கால்வாயை ஆண்டுதோறும் தூர்வாரி, கரையை உயர்த்தி, மடையைச் சீர்செய்து வந்தவர்கள் ஊரார். குடிகள் செய்யும் மராமத்து ஆகையால் அதற்குக் குடிமராமத்து என்று பெயர். நம் முன்னோர் இந்த வேலைப் பங்கீட்டை நன்கு அறிந்திருந்தனர். அந்த ஏற்பாட்டில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டோம். நிலம் உள்ளவருக்குத் தண்ணீரும், நிலம் இல்லாதவருக்கு மண்வெட்டியும் என்று அமைந்த ஊர்களும் இருந்தன. இதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும். பின்னர் இதற்குத் திரும்ப வருவோம்.

இந்த வழக்கம் தளரத் தொடங்கியபோது அன்றைய சென்னை அரசு 1858இல் ஒரு கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்தது. வழக்கமான மராமத்துக்கு வராதவரிடம் பணம் வசூலிக்க அச்சட்டம் இடம் தந்தது. விருப்பத்தோடு நடந்த வேலை சட்டத்துக்கு அஞ்சி உயிர்பெறுமா? பெறவில்லை. நாளடைவில் பொதுப்பணித்துறை வந்தது, காண்டிராக்டர் வந்தார், "சர்க்கார் கால்வாய்" என்ற சொல்லும் வந்தது. சர்க்கார் கால்வாய் ஆனபின் நமக்கு அங்கே என்ன வேலை என்று ஊரார் ஒதுங்கிக்கொண்டார்கள். கால்வாயில் வண்டல் படிந்தது. 2017 மார்ச்சில் தமிழக அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளைத் தொடங்கியபோது, பயன்பெறும் விவசாயிகள் பத்தில் ஒரு பங்கைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்று விதித்தது. நூற்றாண்டுக்கும் மேல் சுற்றிவிட்டு, பழைய வாசலுக்கே திரும்பி வந்தோம் எனலாம்.

எருசலேமின் மதில்

திருநூலில் இதற்கு ஓர் அருமையான முன்மாதிரி உண்டு. எருசலேமின் மதில் இடிந்து கிடந்தது. பாரசீக மன்னர் அர்த்தக்சஸ்தாவிடம் பணிபுரிந்த நெகேமியா அதைக் கட்டியெழுப்ப முன்வந்தார். முதலில் என்ன செய்தார்? மன்னரிடம் போய் அனுமதி மடல் பெற்றார். அரச காட்டிலிருந்து மரம் பெறுவதற்கும் மடல் வாங்கினார். அரசு தர வேண்டியதை அரசிடமே கேட்டுப் பெற்றார். அடுத்து, எருசலேமுக்கு வந்ததும் கூட்டம் போட்டுப் பேசவில்லை. இரவில் சிலரை மட்டும் கூட்டிக்கொண்டு மதிலைச் சுற்றிவந்து, எங்கெங்கே இடிந்திருக்கிறது என்று கண்ணாரப் பார்த்தார். அதற்குப் பிறகே மக்களை அழைத்தார்.

அந்நூலின் மூன்றாம் அதிகாரத்தைப் படிப்பவர்கள் வெறும் பெயர்ப் பட்டியல் என்று புரட்டிவிடுவது வழக்கம். நிதானமாகப் படித்தால் அது ஒரு நகரசபைப் பதிவேடு போலவே இருக்கும். முதலில் வேலையைத் தொடங்கியவர்கள் குருக்கள். பொற்கொல்லர் ஒரு பகுதி, நறுமணப் பொருள் செய்வோர் ஒரு பகுதி, வணிகர் ஒரு பகுதி. ஒருவர் தம் புதல்வியரோடு வந்து கட்டினார். பலரைக் குறித்து, அவரவர் தம் வீட்டுக்கு எதிரே உள்ள மதிலைப் பழுதுபார்த்தார் என்று எழுதப்பட்டிருக்கிறது. தெக்கோவா ஊரின் பெருமக்கள் மட்டும் வேலைக்குத் தோள் கொடுக்கவில்லை என்பதும் பதிவாகியிருக்கிறது. அதே ஊரின் எளிய மக்களோ தங்கள் பகுதியை முடித்துவிட்டு இன்னொரு பகுதியையும் கட்டினார்கள். மதில் 52 நாளில் முடிந்தது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. வேலை நடந்துகொண்டிருந்தபோதே ஏழைகள் கூக்குரலிட்டார்கள். வயலையும் வீட்டையும் அடகு வைத்துவிட்டோம், பிள்ளைகளை அடிமையாக விடும் நிலைக்கு வந்துவிட்டோம் என்று முறையிட்டார்கள். நெகேமியா மதிலைக் காரணம் காட்டி அவர்களை அடக்கவில்லை. வசதி படைத்தவரை அழைத்து, பிடித்து வைத்த நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார். பொதுவேலை என்ற பெயரால் ஏழையின் சுமை கூடினால் அது பொதுவேலை ஆகாது என்பதே அந்த ஐந்தாம் அதிகாரம் நமக்குத் தரும் பாடம்.

பதினொன்றாம் பத்திநாதர் 1931இல் வெளியிட்ட 'குவாத்ரஜெசிமோ ஆன்னோ' என்னும் சுற்றுமடலும் இதே நெறியைச் சொல்கிறது. சிறிய குழுவால் செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்ளக் கூடாது. அதே சமயம், சிறிய குழுவுக்குத் துணைநிற்பது பெரிய அமைப்பின் கடமை. இந்த நெறிக்கு இரண்டு விளிம்புகள் உண்டு. தெருவால் முடிந்ததைத் தெரு செய்ய வேண்டும் என்பது ஒன்று. தெருவால் முடியாததை "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அரசு கைகழுவக் கூடாது என்பது மற்றொன்று. ஒரு விளிம்பை மட்டும் பிடித்துக்கொள்வோர் இக்காலத்தில் அதிகம்.

பரங்கிமலைக்கு அருகே நடந்தது

இது ஏட்டில் மட்டும் உள்ள செய்தியோ என்று நீங்கள் கேட்கலாம். சென்னையில் புனித தோமையார் மலை என்னும் பரங்கிமலைக்கு நம்மில் பலர் திருயாத்திரை போயிருக்கிறோம். அதை அடுத்துள்ள ஊர் ஆலந்தூர். 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்படும்வரை அது தனி நகராட்சி. ஏறத்தாழ ஒன்றரை லட்சம் மக்கள் வாழ்ந்த அவ்வூரில் 1990களில் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். அது நிரம்பினால் லாரி வர வேண்டும். மழைக்காலத்தில் பட்ட அவதியைச் சொல்ல வேண்டியதில்லை.

நகர்மன்றத் தலைவராயிருந்த ஆர்.எஸ். பாரதி அவர்களின் காலத்தில் சுமார் 34 கோடி ரூபாயில் பாதாளச் சாக்கடைத் திட்டம் உருவாயிற்று. அவ்வளவு பணம் நகராட்சியிடம் இல்லை. தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் துணைநிற்க முன்வந்தது. ஆயினும் கடன் மட்டும் போதாது. மக்களும் பங்கு தர வேண்டியிருந்தது. வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய், வணிக இணைப்புக்கு 10,000 ரூபாய் முன்பணம் என்று முடிவாயிற்று. அந்நாளில் ஐயாயிரம் ரூபாய் சிறு தொகை அன்று. அதிலும், குழாய் பதிக்குமுன்பே பணத்தைக் கட்டு என்றால் யார் கட்டுவார்?

கட்டினார்கள். காரணம், கேட்கப் போனவர்கள் அந்தந்தத் தெருவின் குடியிருப்போர் நலச் சங்கத்தினர். அன்றாடம் முகம் பார்த்துப் பழகியவர் வீட்டுக்கு வந்து, "நானும் கட்டியிருக்கிறேன், நீங்களும் கட்டுங்கள்" என்று சொல்லும்போது அச்சொல்லுக்கு எடை உண்டு. முன்பணம் எவ்வளவு சேருகிறதோ அவ்வளவுக்குக் கடன் குறையும்; கடன் குறைந்தால் மாதக் கட்டணமும் குறையும் என்ற கணக்கு யாருக்கும் எளிதில் விளங்கக் கூடியது. 2000ஆம் ஆண்டில் வேலை தொடங்கியது. குழாய் வலைப்பின்னலும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும் எழுந்தன.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, எவ்வளவு செலவு, யார் எவ்வளவு தர வேண்டும் என்பது முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. இரண்டாவது, நம்பிக்கையைத் தெருவிலுள்ள சங்கங்கள் கொண்டுவந்தன. நோட்டீசும் ஒலிபெருக்கியும் அதைக் கொண்டுவர முடியாது. மூன்றாவது, தெருவால் செய்ய முடியாத கடன், பெருங்குழாய், சுத்திகரிப்பு ஆகியவற்றை நகராட்சி தன் பொறுப்பில் ஏற்றது. இம்மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் ஆலந்தூர் செய்தியாகியிருக்காது.

கோடு எங்கே போடுவது?

பங்கு பிரிப்பது என்று சொல்வது எளிது. எது நம் பங்கு, எது அவர்கள் பங்கு என்று எப்படி முடிவு செய்வது? இதற்கு விடை தந்தவர் பாகிஸ்தானின் கராச்சியில் பணியாற்றிய அக்தர் ஹமீத் கான் என்னும் பெரியவர். அந்நகரின் ஓரங்கி என்னும் ஏழைக் குடியிருப்பில் 1980இல் அவர் தம் பணியைத் தொடங்கினார். இருபது முப்பது வீடுகள் கொண்ட சந்தை ஓர் அலகாகக் கொண்டார். ஒவ்வொரு சந்துக்கும் அம்மக்களே ஒரு பொறுப்பாளரைத் தேர்ந்தெடுத்தார்கள். வீட்டுக் கழிப்பறை, சந்தில் ஓடும் குழாய், அவற்றைச் சேர்க்கும் சிறு சாக்கடை ஆகியவை மக்களின் பொறுப்பு. பெருஞ்சாக்கடையும் சுத்திகரிப்பு நிலையமும் அரசின் பொறுப்பு. தாங்களே பணம் போட்டு, தாங்களே மேற்பார்த்ததால் செலவு பெருமளவு குறைந்தது.

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். சந்துக் குழாய் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், அது போய்ச் சேரும் பெருஞ்சாக்கடை இல்லாவிட்டால் கழிவு ஓடைக்கோ ஆற்றுக்கோதான் போகும். நம் பங்கைச் செய்துவிட்டோம் என்பதற்காக அவர்கள் பங்கைக் கேட்காமல் இருந்தால், நம் தெருவின் நாற்றத்தை அடுத்த ஊருக்கு அனுப்பியவர்கள் ஆவோம்.

இது நமக்கு மிகவும் பொருந்தும். நாம் ஆற்றின் தலைமாட்டில் வாழ்கிறோம். 1880களில் ஹார்வி சகோதரர்கள் நீரின் விசையை நம்பிப் பாபநாசத்தில் பஞ்சாலை நிறுவியதும், அதையொட்டி நம் ஊர் பெருகியதும் இந்த ஆற்றின் தயவால்தான். நாம் குளித்து, குடித்து, மிச்சம் விடும் தண்ணீரைத்தான் அம்பாசமுத்திரமும் சேரன்மகாதேவியும் திருநெல்வேலியும் அதற்குக் கீழுள்ள ஊர்களும் எதிர்கொள்கின்றன. தாமிரபரணியில் கழிவுநீர் கலப்பதைப் பற்றி உயர் நீதிமன்ற மதுரைக் கிளைவரை வழக்குகள் போயிருக்கின்றன. வழக்கு நடக்கட்டும், ஆணை வரட்டும். ஆனால் நம் வாறுகாலில் எதை விடுகிறோம் என்பதை நீதிபதி வந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பாபநாசம் படித்துறையில் யார் எதை விட்டுச் செல்கிறார்கள் என்று பேசுமுன், நம் அசனத்தன்று கழியும் இலைகளும் பிளாஸ்டிக் கப்புகளும் எங்கே போகின்றன என்று பார்ப்பது நல்லது.

இன்று நம் கையிலுள்ள வழிகள்

சட்டம் நமக்கு எதிராக இல்லை. 74ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்து, நகராட்சிகளுக்கு அரசியலமைப்பிலேயே இடம் தந்தது. தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, வார்டு குழுக்களும், வார்டைச் சிறு பகுதிகளாகப் பிரித்து அமைக்கும் பகுதி சபைகளும் நகர்ப்புறங்களுக்கும் வந்தன. அதே ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். கிராமசபை கிராமத்தாருக்கு எப்படியோ, அப்படியே பகுதி சபை நகரத்தாருக்கு.

நம் நகராட்சியில் 21 வார்டுகள். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 47,000. அப்படியானால் ஒரு வார்டுக்குச் சராசரி இரண்டாயிரத்து இருநூறு பேர். இது ஒருவரை ஒருவர் முகம் தெரிந்துகொள்ளக்கூடிய அளவுதானே? சென்னைக்காரருக்குக் கிடைக்காத வசதி இது.

பணத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. 1997-98இல் தொடங்கப்பட்டு, இடையில் பெயர் மாறி, 2021இல் நகர்ப்புறங்களுக்கும் சேர்த்து மீண்டும் அறிவிக்கப்பட்ட நமக்கு நாமே திட்டத்தை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பொதுவாக, மதிப்பீட்டுத் தொகையில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தரப்பு செலுத்தினால், மீதியை அரசு தந்து வேலையை நிறைவேற்றும் ஏற்பாடு அது. அந்தப் பங்கைத் தனிநபரும் தரலாம், சங்கமும் தரலாம், நிறுவனமும் தரலாம்.

ஆள் பலமும் நம்மிடம் உண்டு. மலைக்கு அப்பால் கேரளத்தில், 1996இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. 1998இல் குடும்பஸ்ரீ வந்தபோது, பத்து இருபது பெண்கள் கொண்ட அயல்கூட்டத்தையே அதன் அடித்தளமாக அமைத்தார்கள். குமரி மாவட்டத்தில் அருட்பணி எட்வின் அவர்கள், ஏறத்தாழ முப்பது வீடுகளை ஓர் அலகாக்கி, சிறுவர்களுக்கே அக்கம்பக்க நாடாளுமன்றம் அமைத்துக் கொடுத்தார். நம் பங்கிலோ அன்பியங்கள் இருக்கின்றன. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இருக்கின்றன. வட்டிக் கணக்கை ஒரு ரூபாய் பிசகாமல் எழுதும் பெண்கள் இருக்கும் தெருவில், வாறுகால் கணக்கு எழுத ஆள் இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

எச்சரிக்கை நான்கு

நல்ல காரியத்திலும் கண்ணி உண்டு. நான்கைச் சொல்லிவிடுகிறோம்.

முதலாவது, ஏழைத் தெரு. கணக்குக்காக ஒரு தெருவில் ஆறு லட்சம் ரூபாய் வேலை என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் ஒரு பங்கு இரண்டு லட்சம். நாற்பது வீடு என்றால் வீட்டுக்கு ஐயாயிரம். கடைக்காரரும் உத்தியோகஸ்தரும் வாழும் தெருவில் ஒரே வாரத்தில் இது சேர்ந்துவிடும். பீடி சுற்றிப் பிழைக்கும் தாய்மார்கள் நிறைந்த தெருவில் சேருமா? சேராது. ஆகவே, யார் முதலில் பணம் கட்டுகிறாரோ அவருக்கே முதலில் வேலை என்று விட்டுவிட்டால், நல்ல தெரு மேலும் நல்லதாகும், பள்ளத்தெரு பள்ளமாகவே கிடக்கும். நெகேமியாவின் காலத்து ஏழைகளின் கூக்குரல் மறுபடியும் கேட்கும்.

இரண்டாவது, பிரிவினை. வாறுகாலுக்குச் சாதி இல்லை, சமயம் இல்லை, கட்சி இல்லை. கொசு யார் வீட்டில் என்ன கொடி பறக்கிறது என்று பார்த்துக் கடிப்பதில்லை. ஆகவே, தெருக் குழு நம் அன்பியத்தின் மறுபெயராக இருக்கக் கூடாது. அன்பியம் முன்கை எடுக்கலாம். குழு தெரு முழுவதற்கும் உரியதாக இருக்க வேண்டும். பொறுப்பாளர் கிறிஸ்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று நாம் ஒருகாலும் கேட்கக் கூடாது.

மூன்றாவது, மனித உயிர். செலவைக் குறைக்கிறோம் என்று சொல்லி, யாரோ ஓர் ஏழையை நூறு இருநூறு கூடக் கொடுத்துச் சாக்கடைக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ இறக்குவது பெரும் பாவம், சட்டப்படி குற்றமும்கூட. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. பல ஊர்களில் நச்சுவாயுவால் மாண்டவர்களின் குடும்பங்கள் இன்றும் கண்ணீர் வடிக்கின்றன. இயந்திரம் அனுப்புவது நகராட்சியின் பங்கு. அதைக் கேட்டுப் பெறுவது நம் பங்கு. அதுபோலவே, நம் தன்னார்வப் பணியைக் காட்டித் தூய்மைப் பணியாளரின் வேலையைக் குறைக்க யாருக்கும் இடம் தரக் கூடாது. குப்பையைப் பிரித்துக் கொடுப்பது நாம் அவர்களுக்குச் செய்யும் தயவு என்று எண்ண வேண்டாம். அவர்களின் கையைக் கண்ணாடித் துண்டிலிருந்தும் ஊசியிலிருந்தும் காக்கும் கடமை அது.

நான்காவது, திறப்பு விழாவுக்கு அடுத்த நாள். கல்வெட்டில் பெயர் பொறிக்கப் பலர் வருவார்கள். ஆறு மாதம் கழித்து வாறுகாலில் அடைப்பு ஏற்படும்போது யார் வருவார்? பழுதுபார்ப்பது யார், எவ்வளவு நாளுக்குள், செலவு யாருடையது என்பதை வேலை தொடங்குமுன்பே எழுதிக்கொள்ளாத கூட்டுறவு, மாப்பிள்ளை ஊரை விசாரிக்காமல் செய்த சம்பந்தம் போலத்தான் முடியும்.

யூபிலி ஆண்டில் நாம் செய்யக்கூடியவை

எல்லாத் தெருக்களையும் ஒரே ஆண்டில் சீர்செய்ய நம்மால் முடியாது. ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். எந்தத் தெரு? கோயிலுக்கு முன்னுள்ள தெருவைச் சீர்செய்தால் விழாவுக்கு அழகாக இருக்கும் என்று சிலர் நினைப்பது இயல்பே. ஆனால், தங்கள் பங்கைத் தாங்களே கட்ட முடியாத தெரு எதுவோ அதைத் தேர்ந்தெடுப்போம் என்பது நம் வேண்டுகோள். அத்தெருவில் நம் பங்கைச் சேர்ந்த குடும்பம் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் சரியே.

தெருவைத் தேர்ந்தபின், நெகேமியாவைப் போல முதலில் நடந்து பார்ப்போம். வாறுகால் எங்கே தொடங்குகிறது, எங்கே அடைகிறது, கடைசியில் எந்தக் கால்வாயில் அல்லது ஓடையில் விழுகிறது என்று இளைஞர்கள் ஒரு தாளில் வரைபடம் எழுதட்டும். பிறகு அத்தெருவின் எல்லா வீட்டாரையும் கூட்டி, இரண்டு பெண்களாவது இடம்பெறும் ஐவர் குழுவை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். அக்குழு பகுதி சபைக் கூட்டத்துக்குப் போய், வரைபடத்தை வைத்துப் பேசட்டும். நகராட்சிப் பொறியாளரிடம் மதிப்பீடு கேட்கட்டும். வெறுங்கையோடு போய்க் குறை சொல்வதற்கும், வரைபடத்தோடு போய் வேலை கேட்பதற்கும் வேறுபாடு உண்டு.

மக்கள் பங்குக்கான பணம்? இங்கேதான் யூபிலி வருகிறது. விழாவுக்காக நாம் திரட்டும் நிதியில் பத்தில் ஒரு பங்கை அத்தெருவின் பெயரில் ஒதுக்குவோம் என்று பங்குப் பேரவைக்கு முன்மொழிகிறோம். சீரியல் விளக்கு நான்கு வரிசை குறையலாம். வாணவேடிக்கை கால்மணி நேரம் குறையலாம். அதனால் நம் பாதுகாவலரின் மகிமை குறைந்துவிடாது. தெருவாரும் தங்களால் இயன்றதைத் தரட்டும். பணம் இல்லாதவர் மேற்பார்வை நேரத்தைத் தரட்டும். பணம் தரவில்லை என்பதற்காக யாருடைய பேச்சும் கூட்டத்தில் எடை குறையக் கூடாது.

கணக்கு முழுவதும் தெருமுனையில் ஒரு பலகையில் எழுதப்படட்டும். வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, எத்தனை மூட்டை சிமெண்டு, வேலை முடிய வேண்டிய நாள் எது என்பதைப் பள்ளிப் பிள்ளைகூடப் படித்துப் பார்க்கும்படி இருக்கட்டும். நகராட்சிக்கும் இது பாதுகாப்பே. நேர்மையாக வேலை செய்யும் அலுவலருக்குக் கண்ணாடிபோன்ற கணக்கைவிட நல்ல சாட்சி வேறில்லை. வேலை முடிந்ததும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழுவும் நகராட்சி மேற்பார்வையாளரும் சேர்ந்து வாறுகாலை நடந்து பார்த்து, கண்டதை அதே பலகையில் எழுதட்டும்.

அன்புக்குரியவர்களே! நாம் கேட்பது பெரிய புரட்சி அன்று. ஒரு தெரு, ஒரு வாறுகால், ஒரு பலகை. ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பது நமக்குத் தெரியாததா? ஆண்டுதோறும் நம் தேரின் வடத்தைப் பிடிக்க எத்தனை கைகள் நீளுகின்றன! அதே கைகள் இந்த ஆண்டு இன்னொரு வடத்தையும் பிடிக்கட்டும். அதன் ஒரு முனையை நகராட்சி பிடிக்க வேண்டும்; பிடிக்கும்படி நாம் மரியாதையோடும் உறுதியோடும் கேட்போம். மறுமுனையை நாம் விட்டுவிடாதிருப்போம்.

நம் தெருக்களில் வாழும் எல்லாரையும், நமக்காக உழைக்கும் தூய்மைப் பணியாளர்களையும், நகராட்சியின் அலுவலர்களையும் உறுப்பினர்களையும், நமக்குக் கீழே இதே ஆற்று நீரைக் குடிக்கும் ஊர்களையும் எல்லாம் வல்ல இறைவன் ஆசீர்வதிப்பாராக. பங்குப் பேரவையின் அடுத்த கூட்டத்தில் தெருவைத் தேர்ந்தெடுப்போம். ஒவ்வொரு அன்பியமும் தன் பகுதியிலிருந்து ஒரு தெருவின் பெயரோடு வர வேண்டுகிறோம்.